பிடிஓ வீடு மாதிரி ஒயின்: இன்றைக்குக் காசு, இரண்டு வருடம் கழித்து பாட்டில்

மே மாதம் பிறந்தால் எனக்கு இரண்டு கடிதம் தவறாமல் வரும். ஒன்று வருமான வரி. இன்னொன்று ஒயின் கடையின் மெயில்: "இந்த வருட ஆன் ப்ரிமர் தொடங்கிவிட்டது, உங்கள் ஒதுக்கீட்டை உறுதிசெய்யுங்கள்." முதலாவதைக் கட்டித்தான் ஆகவேண்டும். இரண்டாவதைக் கட்டலாமா என்று மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அதில் ஒருவர் என் மச்சான், என்னை இதில் இழுத்துவிட்டவரே அவர்தான். அதனால் எழுதிவிடுகிறேன். இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன், 2019 விளைச்சல் ஒன்று, 2022 விளைச்சல் ஒன்று, ஒரே கடையில். கடையின் பெயர் வேண்டாம். அவர்கள் செய்த நல்லதும் சொல்வேன், கெட்டதும் சொல்வேன், பெயரைப் போட்டால் பேச்சு முழுக்க அந்தக் கடையைப் பற்றியே போய்விடும்.

ஆன் ப்ரிமர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. பிரான்சில் போர்டோ பகுதியில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் திராட்சை பறிக்கிறார்கள். அடுத்த ஏப்ரலில், ஒயின் இன்னும் ஓக் பீப்பாயில் கிடக்கும்போதே, வியாபாரிகளும் விமர்சகர்களும் கூட்டமாகப் போய் ருசி பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு மே, ஜூனில் ஒவ்வொரு ஷாட்டோவும், அதாவது திராட்சைத் தோட்டமும் ஒயின் தயாரிப்பும் சேர்ந்த பண்ணையும், விலை சொல்லும். நெகோசியான் எனப்படும் மொத்த வியாபாரிகள் வழியாக அது நம்மூர்க் கடைக்கு வரும். நாம் அன்றைக்கே முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். பாட்டிலில் அடைப்பதெல்லாம் அப்புறம்தான், கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம். என் அப்பாவிடம் இதை விளக்கியபோது முழுசாகக் கேட்டுவிட்டு, "குட்டையில கிடக்கிற எருமைக்கு விலை பேசிட்டு வந்திருக்கே" என்றார். விமர்சகர்கள் பீப்பாயில் ருசி பார்த்துப் போடும் மதிப்பெண்கூட 94-96 என்று ஒரு இடைவெளியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவர்கள் குடித்தது இன்னும் முடியாத ஒயின். எருமையின் முதுகு மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை, பிடிஓ, அதாவது பதிவு செய்தபின் அரசு கட்டித் தரும் வீடு, என்று சொன்னால் போதும். கட்டாத வீட்டுக்குக் காசு கட்டிவிட்டு நாலு வருடம் ஏன் காத்திருக்கிறோம்? மறுவிற்பனை வீட்டைவிட விலை குறைவு, வேறென்ன. இரண்டும் ஒரே விலை என்றால் யார் காத்திருப்பார்கள், நாளைக்கே சாவி தருகிற வீட்டுக்குப் போய்விடுவோம். ஒயினிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இரண்டு வருடம் கழித்து இதே பாட்டில் கடை அலமாரியில் நிற்கும்போது விலை கூடியிருக்குமா? மெயிலில் வரும் மதிப்பெண், புகழ்ச்சி, "நூற்றாண்டின் விளைச்சல்" எல்லாம் இந்தக் கேள்வியை மறக்கடிக்கத்தான்.

ஒரு காலத்தில் பதில் 'ஆமாம்' என்றுதான் இருந்தது. 1982 விளைச்சலை ராபர்ட் பார்க்கர் என்கிற அமெரிக்க விமர்சகர் பீப்பாயிலேயே ருசித்துவிட்டுத் தலையில் தூக்கி வைத்து எழுதினார், அப்போது வாங்கிப் போட்டவர்கள் பிற்பாடு கொழுத்த லாபம் பார்த்தார்கள். இன்றைக்கும் கடைக்காரர்கள் அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த லாபத்தைப் பார்த்துக்கொண்டு ஷாட்டோக்காரர்கள் சும்மா இருப்பார்களா, விலை ஏறப்போகிறது என்றால் அதை நாமே ஆரம்பத்திலேயே வாங்கிக்கொள்வோம் என்று தொடக்க விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். 2009, 2010 இரண்டும் பிரமாதமான வருடங்கள், சீனாவிலிருந்து காசு கொட்டியது, விலை வானத்துக்குப் போனது. 2011-க்குப் பிறகு சந்தை சரிந்தது, 2010-ஐ முதல் நாள் விலையில் வாங்கியவர்கள் பல வருடம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் தர ஷாட்டோ ஐந்தில் ஒன்றான லட்டூர் 2011 விளைச்சலோடு ஆன் ப்ரிமரை விட்டே வெளியேறிவிட்டது. ஒயினைத் தன் நிலவறையிலேயே வைத்திருந்து, குடிக்கிற பக்குவம் வந்ததும் தானே விற்கிறது. வைத்திருந்து வரும் லாபத்தை உங்களுக்கு ஏன் தரவேண்டும் என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது, வேறென்ன சொல்ல.

சரி, என் கதை. 2020, சர்க்கிட் பிரேக்கர் என்கிற கொரோனா ஊரடங்கு. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறோம், மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், "மாப்ள, பொந்தே கானே விலை விட்டிருக்கான், பாரு." போயாக் பகுதியில், புகழ்பெற்ற மூட்டோன் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஷாட்டோ அது, போர்டோ ஷாட்டோக்களை ஐந்து தரமாகப் பிரித்த 1855 வகைப்பாட்டில் ஐந்தாம் தரம். அந்த வருடம் நோய்ப்பரவலால் யாரும் போர்டோ போய் ருசி பார்க்கவே முடியவில்லை, வியாபாரம் நடக்குமா என்றே சந்தேகம், அந்த நேரத்தில் பெரிய ஷாட்டோக்களில் முதல் ஆளாக அவர்கள் முந்தைய வருடத்தைவிட 31 விழுக்காடு குறைத்து அறிவித்தார்கள். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார்கள். விளைச்சலோ அருமை. பாட்டில் நூறு சிங்கப்பூர் வெள்ளியை ஒட்டி வந்தது, ஆறு பாட்டில் பெட்டி ஒன்று வாங்கினேன். எனக்கு ஒயின் அறிவு அப்போது கிடையாது, இப்போதும் பெரிதாகக் கிடையாது, பயத்தில் கிடைத்த அதிர்ஷ்டம் அது. பிறகு இங்கே அலமாரியில் பார்த்த விலையெல்லாம் நான் கட்டியதைவிட, வரி சேர்த்துப் பார்த்தாலும், நன்றாகவே கூடுதல்.

ஒருமுறை ஜெயித்தவன் மறுமுறை சீட்டைக் கீழே வைப்பானா. 2023-இல் 2022 விளைச்சல் வந்தது. வெயில் காய்ச்சிய வருடம், மதிப்பெண்கள் நூறைத் தொட்டன, விலையும் கூடவே ஏறியது. நான் யோசிக்கவே இல்லை, பழைய லாபம் கண்ணை மறைத்தது. போர்டோவின் சான் ஜூலியன் பகுதியில் பெயர் பெற்ற ஒரு ஷாட்டோ, ஆறு பாட்டில் 900 வெள்ளி, கப்பல் செலவு உள்ளே, 'இன் பாண்ட்'.

இந்த 'இன் பாண்ட்' என்கிற இரண்டு சொல்லில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். தீர்வையும் பொருள் சேவை வரியும் இன்னும் கட்டவில்லை, உரிமம் பெற்ற கிடங்கில் இருக்கும்வரை கட்ட வேண்டாம், வெளியே எடுக்கும் நாளில் கட்ட வேண்டும் என்று அர்த்தம். சிங்கப்பூரில் ஒயினுக்குத் தீர்வை, அதில் உள்ள ஆல்கஹாலின் ஒவ்வொரு லிட்டருக்கும் 88 வெள்ளி. பாட்டிலின் விலை பத்தானாலும் ஆயிரமானாலும் இதே கணக்கு. ஆறு பாட்டில் என்றால் நாலரை லிட்டர், 14 விழுக்காடு ஆல்கஹால் என்றால் 0.63 லிட்டர், தீர்வை 55 வெள்ளி 44 காசு. அதையும் 900-இல் கூட்டி, மொத்தத்துக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. தீர்வைக்கும் சேர்த்து வரி, ஆமாம். 1,041 வெள்ளி ஆகிவிட்டது. பாட்டில் 150 என்று நினைத்து வாங்கியது 173.50. அந்த 900 வெள்ளி இரண்டு வருடம் சும்மா கிடந்ததையும் பாருங்கள், மத்திய சேமநிதி சிறப்புக் கணக்கில் போட்டிருந்தாலே 4 விழுக்காடு, 73 வெள்ளி வட்டி. ஆகப் பாட்டில் 186-ஐ நெருங்குகிறது.

பாட்டில் வந்து சேர்ந்த அதே மாதம் வேறொரு கடையில், அதே ஷாட்டோ, அதே 2022, எல்லா வரியும் உட்பட 165 என்று தள்ளுபடி அட்டை மாட்டித் தொங்கியது. நடுவில் ஒயின் சந்தை இறங்கிவிட்டது, 2022 கடைசியிலிருந்தே இறங்குமுகமாகத்தான் இருந்தது. நான் காத்திருந்து, காசை முடக்கி, கூடுதலாக 20 வெள்ளி கொடுத்திருக்கிறேன். பிடிஓவுக்குக் காத்திருந்து சாவி வாங்கப் போனால், பக்கத்து பிளாக்கில் மறுவிற்பனை வீடு அதைவிட மலிவாகக் கிடைத்த மாதிரி. மனைவி அந்த விலை அட்டையைப் படம் பிடித்து எனக்கே அனுப்பி வைத்தார். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

வரி விஷயத்தில் இன்னொன்று. 2019 பெட்டி 2022 நவம்பரில் வந்தது, அப்போது பொருள் சேவை வரி 7 விழுக்காடு. 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9. கடையில் என்னிடம் பேசிக்கொண்டிருந்த பையன், "டிசம்பருக்குள் எடுத்துவிடுங்கள், எங்களுக்குக் கிடங்கு வாடகை போகிறது, பரவாயில்லை" என்று தானாகவே சொன்னான். இது அவர்கள் செய்த நல்லது. மெயிலுக்கு ஒரே நாளில் பதில், பெட்டி எண் போட்ட ரசீது, கிடங்கில் என் பெயரில்தான் இருக்கிறது என்று காட்டும் தாள், எல்லாம் கேட்காமலே வந்தது. இதை லேசாக நினைக்காதீர்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் பிரீமியர் க்ரூ என்று ஒரு கடை, இதே மாதிரி வரப்போகும் ஒயினுக்கு முன்பணம் வாங்கி, புது ஆள் காசில் பழைய ஆளுக்கு பாட்டில் கொடுத்துக்கொண்டே வந்து 2016-இல் திவாலானது, உரிமையாளருக்கு ஆறரை வருடச் சிறை. காசு கட்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கையில் மிஞ்சியது ரசீதுதான். ஆகவே வழக்கத்தைவிட மலிவாக யாராவது ஆன் ப்ரிமர் தந்தால் இரண்டு கையாலும் பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கெட்டது என்னவென்றால் 2022 பெட்டி வந்த கடைசி மூன்று கிலோமீட்டர். பிரான்சிலிருந்து குளிரூட்டிய கொள்கலனில் வந்தது, இங்கே குளிரூட்டிய கிடங்கில் இருந்தது, 13 டிகிரி, கணக்கெல்லாம் சுத்தம். அங்கிருந்து என் வீட்டுக்கு? சாதாரண வேன், மதியம் இரண்டரை மணி, ஏப்ரல் மாத வெயில். ஓட்டி வந்தவர் நம்மாள்தான், "அண்ணே, காலையில பத்து மணிக்கே ஏத்திட்டாங்க, உங்களது கடைசி வீடு" என்றார் பாவமாக. பெட்டியைத் தொட்டால் சுடுகிறது. ஆறில் ஒரு பாட்டிலில் தக்கை லேசாக மேலே எழும்பி, உறையின் ஓரத்தில் கசிந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். 50 வெள்ளி வவுச்சர் தந்தார்கள், மாற்றுப் பாட்டில் கேட்டதற்கு "ஒதுக்கீடு முடிந்துவிட்டது" என்றார்கள். வவுச்சரை அவர்கள் கடையில்தானே செலவழிக்க வேண்டும். ஐந்துக்கு நாலு கொடுக்க நினைத்த சேவைக்கு இரண்டரைதான் கொடுப்பேன், அந்த ஒன்றரை அந்த வேனுக்கு. உங்கள் கடையிடம் முதலில் இதைக் கேளுங்கள்: குளிர் வண்டியா, எத்தனை மணிக்கு வரும்? முடிந்தால் நீங்களே காலையில் டாக்சியில் போய் எடுத்துவிடுங்கள், பின்னால் ஏசி அடிக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய செலவு, அதைப் பற்றி எந்த மெயிலும் பேசாது. ஐரோப்பாவில் வீட்டுக்குக் கீழே நிலவறை, வருடம் முழுக்க 12, 13 டிகிரி, காசே ஆகாது. நமக்கு ராத்திரிகூட 26 டிகிரி. இங்கே எல்லோரும் சொல்லும் யோசனை, வீவக அடுக்குமாடி வீட்டில் பாம் ஷெல்டர் என்கிற வெடிகுண்டுத் தஞ்ச அறை இருக்கிறதே, கனமான கான்கிரீட் சுவர், இருட்டு, அசைவில்லை, அதுதான் நம்ம நிலவறை என்று. நானும் நம்பினேன். ஒரு சின்ன வெப்பமானி வாங்கி ஒரு மாதம் உள்ளே வைத்துப் பார்த்தேன். 28-க்குக் கீழே ஒரு நாளும் இறங்கவில்லை, சில நாள் 30. வெயில் படாத அடுப்பு, அவ்வளவுதான். அரிசி மூட்டைக்கும் சூட்கேசுக்கும் சரி. ஆறு மாதத்தில் குடித்துவிடுவேன் என்கிற ஒயினைக்கூட அங்கே வைக்க மனசு வராது, பத்து வருடம் வைக்க வேண்டியதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒயின் ஃபிரிட்ஜ் கேரோசெல் விற்பனைச் செயலியில் பழையது 450 வெள்ளிக்கு எடுத்தேன். '45 பாட்டில்' என்று போட்டிருக்கும், நம்பாதீர்கள், அது தோள் நிமிர்ந்த போர்டோ பாட்டிலைக் கணக்கு வைத்துச் சொல்வது, இடுப்பு பெருத்த பர்கண்டி பாட்டிலோ ஷாம்பெயினோ நாலு வைத்தால் தட்டு மூடாது. என்னுடையதில் நிம்மதியாக 34 நிற்கிறது. மின்சாரம் மாதம் ஐந்தாறு வெள்ளி. சத்தம் வரும், சமையலறைக்கு வெளியே வெக்கையில் வைத்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், ஹாலில் வைத்தால் வருகிறவர்கள் எல்லாம் திறந்து பார்ப்பார்கள். கிடங்கிலேயே வாடகைக்கு விடலாம், நான் ஆறு பாட்டில் பெட்டிக்கு மாதம் இரண்டரை வெள்ளி கொடுத்தேன், சின்னக் காசு மாதிரித் தெரிகிறது. பத்து வருடத்துக்கு 300 வெள்ளி. பாட்டிலுக்கு 50. நூறு வெள்ளி பாட்டில் ஒன்று பத்து வருடத்தில் 150 ஆனால்தான் வாடகையே தேறும், வட்டி தனி. நல்ல போர்டோ பக்குவப்பட விளைச்சலிலிருந்து பத்து, பதினைந்து வருடம் சாதாரணமாக ஆகும் என்பதால் இந்தக் கணக்கிலிருந்து தப்ப வழியில்லை.

அவசரக்குடுக்கை நான், 2024 தீபாவளிக்கு 2019-இல் ஒன்றைத் திறந்துவிட்டேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் டிகான்டரில், அதாவது காற்றுப்பட வைக்கும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றி வைத்தும் துவர்ப்பு போகவில்லை, பாதிப் பழுத்த நாவல் பழத்தோடு கொட்டைப் பாக்கையும் சேர்த்து மென்ற மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. பின்னால் ஏதோ பெரிதாக ஒன்று இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. மட்டன் பிரியாணியோடு குடித்தது அடுத்த தப்பு, மிளகாய்க் காரமும் இந்தத் துவர்ப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். பச்சை மிளகாய் போடாத மிளகு வறுவல், இல்லையென்றால் உப்பு மட்டும் தடவிச் சுட்ட ஆட்டுக்கால், அதற்குத்தான் பொருந்தியது. முப்பத்தாறு பாட்டில் வாங்கி அடுக்க நினைப்பவர்கள் அதற்கு முன்னால், வீட்டில் மாதம் எத்தனை தடவை காரமில்லாமல் சமைக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் பதில் பூஜ்ஜியம்.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா என்று மச்சான் கேட்டார். அப்படிச் சொல்ல மாட்டேன். மேக்னம் எனப்படும் ஒன்றரை லிட்டர் பாட்டிலோ அரை பாட்டிலோ வேண்டுமென்றால் இதுதான் நேரம், பாட்டிலில் அடைக்கும் முன்பே சொல்லிவிட்டால் அந்த அளவில் அடைத்துத் தருவார்கள், பிறகு கடையில் தேடினால் கிடைப்பது அபூர்வம். மேக்னம் மெதுவாகப் பக்குவப்படும், விருந்துக்கும் அழகு. போர்டோவில் போமெரோல் மாதிரி இடங்களில் சின்னத் தோட்டம், கொஞ்சம்தான் விளையும் என்றால் முந்திக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. குழந்தை பிறந்த வருடத்து ஒயின் வேண்டும் என்பவர்கள் வாங்கட்டும், அங்கே கணக்குப் பார்ப்பது மரியாதை இல்லை. 2020 மாதிரி எல்லோரும் பயந்துபோய் விலையை உண்மையிலேயே வெட்டும் வருடமும் சரி. பாட்டில் பிறந்த இடத்திலிருந்து நேரே கிடங்குக்கு வந்தது, யார் வீட்டு ஷெல்டரிலும் வேகவில்லை என்கிற நிம்மதி ஒன்று உண்டு, இந்தச் சூட்டு ஊரில் அதற்கு நான் பாட்டிலுக்குப் பத்து வெள்ளி கூடுதலாகத் தருவேன். இருபது தரமாட்டேன்.

பெயர் பெரிது என்பதற்காக மட்டும் முந்தாதீர்கள். லட்டூர் மாதிரி முதல் தர ஷாட்டோவான லஃபீட்கூட வருடத்துக்கு லட்சம் பாட்டிலுக்கு மேல் செய்கிறது, தீர்ந்துபோகாது, விலைதான் பிரச்சினை. முப்பது நாற்பது வெள்ளிக்கு அலமாரியில் எப்போதும் நிற்கும் போர்டோவையும் 'ஒதுக்கீடு' என்று மெயிலில் போடுவார்கள், சிரித்துவிட்டு மூடுங்கள். குடித்துப் பழக வேண்டும் என்றால், வெளிநாடு போய் வரும்போது இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம், 48 மணி நேரம் வெளியே இருந்திருக்க வேண்டும், ஜோகூர் போய்விட்டு வந்தால் கிடையாது. பக்குவமான பழைய விளைச்சலை, 2010-க்கு முந்தியதை, அப்படி ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துப் பாருங்கள். பத்து வருடம் காத்திருந்தால் வரப்போகும் ருசி உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரியாமலே பெட்டி பெட்டியாக வாங்குகிறவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவனாக இருந்தேன்.

2024 விளைச்சலுக்கும் மெயில் வந்தது. மழை கெடுத்த வருடம், விலை இறக்கியிருக்கிறார்கள். இரண்டு நாள் யோசித்தேன். அதே விலைக்குப் பாட்டிலில் அடைத்து, பாண்டில் தயாராக நிற்கும் 2019-உம் 2020-உம் இன்றைக்கே கிடைக்கும்போது, மழை வருடத்தை ஏன் இரண்டு வருடம் காத்திருந்து வாங்குவது? பெட்டி வேண்டாம் என்று எழுதிவிட்டு, பொந்தே கானே 2020-இல் ஒரு மேக்னம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருந்தது. காலை ஒன்பது மணிக்கு டாக்சியில் போய் நானே எடுத்து வந்தேன், மடியில் வைத்துக்கொண்டு. ஃபிரிட்ஜில் நடுத்தட்டு காலியாக இல்லை, மனைவி தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை வாழையிலையில் சுற்றி அங்கே வைத்திருந்தார், 12 டிகிரியில் மூன்று நாள் வாடாமல் இருக்கிறதாம். மேக்னம் கீழ்த்தட்டில் குறுக்காகப் படுத்திருக்கிறது.